பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடந்தும் சைக்கிளிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது பீக் டிஸ்ட்ரிக்ட். பரப்பு 1,438 சதுர கி.மீ. 1951 ஏப்ரல் 17 அன்று பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்டுப் பூங்கா என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஊர்கள், பண்ணைகள், கல் குவாரிகள், சாலைகள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான நிலம் தனியாருடையது. அதனால்தான் எங்கே போகலாம், எதில் போகலாம் என்ற கேள்விகள் அதிகம் வருகின்றன.

மிக உயர்ந்த இடமே 636 மீட்டர்தானாமே. அதில் என்ன கஷ்டம்?

கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீட்டர்தான். ஆனால் இங்கே ஆளைச் சோதிப்பது உயரம் அல்ல, தரையும் காற்றும்தான். மேட்டுநிலத்தின் உச்சியில் மரம் கிடையாது, ஒதுங்க ஒரு சுவர்கூட இருக்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அடிவாரத்து ஊரைவிட மேலே மூன்று டிகிரி குறைவாக இருக்கும். அது பெரிதில்லை. காற்றும் நனைந்த சட்டையும் சேர்ந்துகொண்டால்தான் ஜூலை மாதத்திலேயே உடம்பு நடுங்கத் தொடங்கும். கீழே வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு டீ ஷர்ட்டோடு ஏறுவதுதான் முதல்முறை வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

வெள்ளை பீக், கருப்பு பீக் என்கிறார்களே, அது என்ன?

இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

தெற்கிலும் நடுவிலும் இருப்பது சுண்ணாம்புக்கல். அதுதான் வெள்ளை பீக். பச்சைப் புல்வெளிகள், காரை பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய வெளிர்சாம்பல் மதில்கள், ஆழமான பள்ளத்தாக்குகள். சுண்ணாம்புக்கல் தண்ணீரைத் தேக்கி வைக்காது, விரிசல் வழியே உள்ளே இறக்கிவிடும். மானிஃபோல்ட் ஆறு கோடையில் வெட்டன் மில் அருகே நிலத்துக்குள் மறைந்து, இலாம் ஊரில் மறுபடி வெளியே வரும். இடைப்பட்ட தூரத்தில் வெறும் கல் படுகைதான் தெரியும். மேலே தண்ணீர் நிற்காததால் மழை விட்டதும் பாதைகள் சீக்கிரம் காயும். ஆனால் பலர் மிதித்து மிதித்துத் தேய்ந்த சுண்ணாம்புக்கல், ஈரத்தில் சோப்பு போட்ட குளியலறைத் தரை மாதிரி வழுக்கும். டவ்டேல் பள்ளத்தாக்கில் ஆற்றைக் கடக்கப் போட்டிருக்கும் படிக்கற்களில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

வடக்கிலும் கிழக்கு, மேற்கு ஓரங்களிலும் இருப்பது கரடுமுரடான மணற்பாறை. அதுதான் கருப்பு பீக். அந்தப் பாறை உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது, நனைந்தாலும் காலைப் பிடித்துக்கொள்ளும். முற்காலத்தில் ஆலைகளுக்குத் திரிகைக்கல் செதுக்கியது இந்தப் பாறையில்தான். விற்காமல் விடப்பட்ட கற்கள் ஸ்டானேஜ் பாறை விளிம்பின் அடியில் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. பூங்காவின் சின்னமும் திரிகைக்கல்தான். பாறை நம்பகமானது, அதன் மேல் படிந்திருக்கும் பீட் என்ற கறுப்புச் சதுப்பு மண்தான் சிக்கல். பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு முழங்கால்வரை உள்ளே இழுக்கும்.

எனவே சுண்ணாம்பில் வழுக்கல், மணற்பாறையில் சேறு. செருப்பு, டயர், நேரம், வழி எல்லாவற்றையும் இதை வைத்தே தீர்மானியுங்கள்.

அப்படியானால் எங்கே நடப்பது, எங்கே சைக்கிள் ஓட்டுவது?

கருப்பு பீக்கை நடந்தும் வெள்ளை பீக்கைச் சைக்கிளிலும் பார்ப்பதே முதல்முறை வருபவர்களுக்குச் சரியாக வரும். கிண்டர் மேட்டில் சைக்கிள் ஓட்டப் பெரும்பாலும் உரிமையும் இல்லை, ஓட்டினாலும் சுகமில்லை. வெள்ளை பீக்கிலோ மூடப்பட்ட ரயில் தடங்கள் சைக்கிள் பாதைகளாகியிருக்கின்றன. பிற்பாடு பழகியதும் இதை மாற்றிப் பார்க்கலாம். லாத்கில்டேல் பள்ளத்தாக்கை நடந்துதான் பார்க்க வேண்டும். டெர்வென்ட் நீர்த்தேக்கங்களைச் சுற்றிச் சைக்கிளில் போவது கருப்பு பீக்கிலேயே அருமையான வழி.

சைக்கிளை எந்தப் பாதையிலும் ஓட்டலாமா?

கூடாது. வாயிற்கதவுகளிலும் கம்பங்களிலும் இருக்கும் அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள்.

மஞ்சள் அம்பு: நடப்பவர்களுக்கு மட்டும்.
நீல அம்பு: குதிரைப்பாதை. நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம்.
ஊதா அம்பு: மேற்சொன்னவற்றோடு குதிரை வண்டியும் போகலாம். மோட்டார் வண்டி கூடாது.
சிவப்பு அம்பு: மோட்டார் வண்டி உட்பட எல்லாம் போகலாம்.

குதிரைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதே சட்டம் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. குதிரைக்குப் பின்னால் வந்தால் மணியடிக்க வேண்டாம், மிரண்டுவிடும். வேகத்தைக் குறைத்து, தொலைவிலிருந்தே வாயால் 'ஹலோ' சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அமைதியாக இருக்கும்.

வரைபடத்தில் மஞ்சள் பின்னணியில் தெரியும் மேட்டுநிலம் திறந்த நிலம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். அந்த உரிமை நடப்பவர்களுக்கு மட்டுமே, சைக்கிளுக்கு இல்லை. இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் மேட்டில் ஹேஃபீல்ட் பக்கமிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இன்று நாம் அனுமதி கேட்காமல் அதே மேட்டில் நடக்கிறோம். ஆகவே அந்த நிலத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கும் உண்டு.

பழைய ரயில் தடங்கள் எவை? எதிலிருந்து தொடங்குவது?

மோன்சல் பாதையிலிருந்து தொடங்குங்கள். பேக்வெல் ஊர் அருகிலிருந்து பிளாக்வெல் மில்வரை சுமார் 13.5 கி.மீ. 1968இல் மூடப்பட்ட மிட்லண்ட் ரயில்வேயின் தடம் இது. ஹெட்ஸ்டோன், கிரெஸ்புரூக், லிட்டன், சீ டோர் ஆகிய குகைவழிகள் 2011இல் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர். பகலில் மட்டும் விளக்கெரியும், மாலையில் அணைந்துவிடும். எனவே கையில் விளக்கு இருக்கட்டும். உள்ளே கூரையிலிருந்து நீர் சொட்டும், வெயில் நாளிலும் குளிரும். ஹெட்ஸ்டோன் குகைவழியை விட்டு வெளியே வந்ததும் நேராகப் பாலத்தின் மேல் நிற்பீர்கள். கீழே வை ஆறு வளைந்து ஓடும். அங்கே எல்லோரும் சட்டென்று நிற்பார்கள், ஆகவே இருட்டிலிருந்து வேகமாக வெளியே வராதீர்கள்.

பேக்வெல் பக்கமிருந்து மேற்கே போகும்போது மெல்லிய ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம் என்பதால் பேக்வெல் அல்லது ஹாசப் நிலையத்திலிருந்து தொடங்குவது நல்லது.

டிஸ்ஸிங்டன் பாதை ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹேவரை 21 கி.மீ. வடக்கே போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். ஆஷ்போர்னை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே, பழைய பாலம் இடிக்கப்பட்ட இடத்தில், பாதை திடீரென ஓடைக்குள் இறங்கி மறுபடி ஏறும். ரயில் தடம் என்றால் சமதளம்தான் என்று நம்பி வருபவர்கள் அங்கே கியர் மாற்றத் தவறித் தடுமாறுவார்கள். இறங்கும்போதே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள்.

ஹை பீக் பாதை சுமார் 27 கி.மீ. டௌலோவிலிருந்து கிராம்ஃபோர்ட் அருகேயுள்ள ஹை பீக் சந்திப்புவரை. 1831இல் திறந்த இந்த ரயில் தடத்தில், செங்குத்தான இடங்களில் பெட்டிகளை நீராவி எஞ்சின் கட்டி இழுத்தார்கள். மிடில்டன் டாப்பில் அந்த எஞ்சின் வீடு இன்னும் நிற்கிறது. அங்கிருந்து கிராம்ஃபோர்ட் பக்கம் இறங்கும் சரிவு கிட்டத்தட்ட எட்டடிக்கு ஓரடி. தளர்ந்த சரளை, பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள். பிரேக்கை நம்பி ஓட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே சரி.

சிறு பிள்ளைகள் இருந்தால் மானிஃபோல்ட் பாதை, ஹல்ம் எண்டிலிருந்து வாட்டர்ஹவுசஸ்வரை 13 கி.மீ. முழுக்கத் தார் போட்டது. ஆனால் ஸ்வெயின்ஸ்லி குகைவழியிலிருந்து வெட்டன் மில்வரை கார்களும் அதே பாதையில் வரும்.

சைக்கிள் வாடகைக் கடைகள் ஆஷ்போர்ன், பார்ஸ்லி ஹே, ஹாசப் ஆகிய இடங்களில் உண்டு. குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாள் குறைவு, முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

கார் இல்லை. ரயிலில் சைக்கிளோடு போக முடியுமா?

முடியும். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் இடையே ஓடும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில்தான் இங்கே நடப்பவர்களின் உயிர்நாடி. ஷெஃபீல்டிலிருந்து வந்தால் டோட்லி குகைவழியைத் தாண்டியதும் கிரிண்டில்ஃபோர்ட், ஹாதர்சேஜ், பாம்ஃபோர்ட், ஹோப், எடேல் என்று வரிசையாக நிலையங்கள். எந்த நிலையத்தில் இறங்கினாலும் சற்று நடந்தாலே மலைப்பாதையைப் பிடிக்கலாம்.

நின்று நின்று போகும் நார்தர்ன் நிறுவன ரயில்களில் பொதுவாக ஒரு ரயிலுக்கு இரண்டு சைக்கிள், கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. முந்தி வந்தவருக்கே இடம். வெயில் அடிக்கும் சனிக்கிழமைக் காலையில் மூன்றாவது சைக்கிளாகப் போய் நின்றால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நான்கு பேர் சேர்ந்து போவதானால் இரண்டு ரயில்களில் பிரிந்து போங்கள். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்திய ரயிலுக்குத் திட்டமிடுங்கள்.

என் சைக்கிளில் இந்த ஏற்றங்களை ஏற முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் பல்சக்கரத்தில் 50 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 3.75 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 13.5 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ இருந்தால், 15 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட 500 வாட் வேண்டும். பழக்கமில்லாத ஒருவரால் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 100, 150 வாட்தான். அதனால்தான் கால் நின்றுபோகிறது. குற்றம் உங்கள் காலில் இல்லை, கியரில் இருக்கிறது.

முன்னால் 28, பின்னால் 36 வைத்தால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர். அதே 60 சுற்றில் மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, தேவை சுமார் 215 வாட். கொஞ்ச நேரம் தாங்கலாம். ஆக, முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும் ஒரு கியராவது வேண்டும்.

காசில்டனிலிருந்து மேற்கே ஏறும் வின்னட்ஸ் கணவாய் பல இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி. பழைய பெரிய சாலை மாம் டோர் மலைச்சரிவில் சரிந்து சரிந்து 1979இல் நிரந்தரமாக மூடப்பட்டதால், கார்களும் இந்தக் குறுகிய கணவாய்க்குள்தான் வருகின்றன. எடேல்தான் போக வேண்டும் என்றால் ஹோப் ஊர் வழியாக நோ ஆற்றை ஒட்டிய சாலை எளிது.

மோட்டார் உதவி சைக்கிளும் ஓட்டலாம். 250 வாட்டுக்கு மேல் போகாமல், மணிக்கு 25 கி.மீ.யில் உதவி நின்றுவிடும் வகையாக, ஓட்டுபவருக்கு 14 வயதாகியிருந்தால் சட்டப்படி அது சாதாரணச் சைக்கிளே. குதிரைப்பாதையிலும் போகலாம். பேட்டரிக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தில் பாதியை மட்டும் இங்கே நம்புங்கள்.

எந்த டயர்? காற்று எவ்வளவு?

ரயில் தடங்களில் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் போட்டிருக்கும். 35 முதல் 40 மி.மீ. அகல டயர் போதும். 38 மி.மீ. டயரில் 45 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பந்தயச் சைக்கிள் டயர் சரளையில் புதையும். மழை நாளில் வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்பு செயினிலும் பிரேக்கிலும் அப்பும். மட்கார்டு இல்லாமல் போனால் முதுகெல்லாம் வெள்ளையடித்து வருவீர்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். காய்ந்த குழம்பு அரைத்தூள் போலச் செயினைத் தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு பஞ்சர்?

முள்தான் காரணம். வயல் ஓரங்களில் ஹாதார்ன் முள்வேலி. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் பண்ணைக்காரர்கள் மார்ச் முதல் ஆகஸ்ட்வரை வேலியை வெட்டுவதில்லை. செப்டம்பரிலிருந்து பிப்ரவரிவரை வெட்டுவார்கள், வெட்டிய முள் சாலையில் சிதறும். புதிதாக வெட்டிய வேலியைக் கண்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள்.

பஞ்சர் ஆனால் முதல் வேலை டியூபைக் கழற்றுவது அல்ல. டயரில் எழுத்துள்ள இடம் வால்வுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயருக்குள் முள் எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். விரலை டயரின் உள்ளே ஒரு முழுச் சுற்றுத் தடவுங்கள், மெதுவாக. முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் நூறு மீட்டரில் அதுவும் போய்விடும். ஓட்டை ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் முள் குத்தவில்லை. காற்று குறைவாக இருந்து கல்லில் மோதி, சக்கர விளிம்பு டியூபைக் கடித்திருக்கிறது.

ஒட்டுப் போடும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாகத் தடவி, ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஈரம் போய்ப் பளபளப்பு மங்கிய பிறகுதான் ஒட்ட வேண்டும். மழையில் இது நடக்காது. எனவே இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பி, பம்பு, அலன் கீ எல்லாம் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஒட்டை வீட்டில் வந்து போட்டுக்கொள்ளலாம்.

இறக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நம் ஊரைப் போலவே இங்கும் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும், அதில் குழப்பம் இல்லை. கிராமச் சாலைகள் ஒரு கார் அகலம், இரு பக்கமும் கல் மதில், வளைவுக்கு அப்பால் டிராக்டரோ ஆட்டு மந்தையோ இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியும் வேகமே சரியான வேகம். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். கைப்பிடி வலிக்க வலிக்க விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். விட்டு விட்டு அழுத்துங்கள்.

சாலைக்குக் குறுக்கே ஆடு மாடு தாண்டாமலிருக்க இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். நேராக, பிரேக் பிடிக்காமல், திருப்பாமல் கடந்தால் ஒன்றும் ஆகாது. மழையில் அதன் மேல் பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம்.

நடப்பதற்கு முதலில் எந்த வழி?

எடேல் நிலையத்தில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் ஏறி, மலைமுகட்டோடு மாம் டோர் (517 மீட்டர்) போய்த் திரும்பி, லூஸ் ஹில் (476 மீட்டர்) தாண்டி ஹோப் நிலையத்தில் ரயிலேறுங்கள். சுமார் 12 கி.மீ. முகட்டின் பெரும்பகுதியில் கல் பாவியிருக்கிறது, இரு பக்கமும் பள்ளத்தாக்கு, வழி தவற வாய்ப்பு குறைவு.

அடுத்து கிண்டர். எடேலிலிருந்து அப்பர் பூத், ஜேக்கப்ஸ் லேடர் படிகள், 633 மீட்டரில் நில அளவைத் தூண் நிற்கும் கிண்டர் லோ, பிறகு மேட்டின் தென்விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிரிண்ட்ஸ்புரூக் பக்கம் இறக்கம். ஏறத்தாழ 14 கி.மீ. கிரிண்ட்ஸ்புரூக் ஓடையின் மேல்பகுதியில் பாறைகளைக் கையால் பிடித்து இறங்க வேண்டியிருக்கும். இறக்கத்தைவிட ஏற்றத்துக்கு அது எளிது, முழங்கால் வலி உள்ளவர்கள் இதே வழியைத் தலைகீழாகப் போங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணிப்பது?

1892இல் வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். மேற்சொன்ன கிண்டர் வழியில் 14 கி.மீ., ஏற்றம் சுமார் 500 மீட்டர். 2 மணி 48 நிமிடமும் 50 நிமிடமும் சேர்த்து 3 மணி 38 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, சேற்றில் வழி தேடுவது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம். டிசம்பர் கடைசியில் பிற்பகல் 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், எனவே காலை 9 மணிக்குள் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

கைபேசியில் மேப் இருக்கிறதே, காகிதம் எதற்கு?

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது, பள்ளத்தாக்குகளில் சிக்னலே இருக்காது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 1 கருப்பு பீக்குக்கு, ஓ.எல். 24 வெள்ளை பீக்குக்கு. நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கல் மதில்கள்கூட மெல்லிய கோடாக இருக்கும், எந்த வயலில் நிற்கிறீர்கள் என்றே சொல்லிவிடலாம். பச்சைக் குறுங்கோடுகள் நடைபாதை, பச்சை நெடுங்கோடுகள் குதிரைப்பாதை. கறுப்புக் கோட்டில் காட்டிய தடம் தரையில் இருக்கும், ஆனால் அதில் போகும் உரிமை இருக்கிறது என்று பொருளில்லை.

மேலே மூடுபனி இறங்கிவிட்டால்?

கிண்டர் மேட்டின் நடுவில் பீட் மண்ணை நீர் அறுத்து, ஆளை மறைக்கும் வாய்க்கால்களாக வெட்டியிருக்கிறது. அதற்குள் இறங்கி ஏறினால் இரண்டு நிமிடத்தில் திசை மாறிவிடும். பனியில் மேட்டின் குறுக்கே போகாதீர்கள், விளிம்புப் பாதையிலேயே இருங்கள்.

திசைகாட்டி பிடிக்கும் முறை இதுதான். அதன் ஓரத்தை வரைபடத்தில் நிற்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு வையுங்கள். வட்டத்தைத் திருகி, உள்ளே உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்குங்கள். பிறகு வரைபடத்தை விட்டு எடுத்து மார்புக்கு நேரே பிடித்து, முள்ளின் சிவப்பு முனை வட்டத்தின் வடக்குக் குறிக்குள் வரும்வரை உடம்பையே திருப்புங்கள். அம்பு காட்டும் பக்கம் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு அதுவரை நடந்து, மறுபடி பாருங்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாடு இப்போது இங்கே ஒரு டிகிரிக்குள்தான் இருக்கிறது, திருத்தம் வேண்டியதில்லை.

எதை உடுத்துவது?

பருத்தி வேண்டாம், முக்கியமாக ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே மெல்லிய செயற்கை இழைச் சட்டை அல்லது கம்பளி, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் மழைச்சட்டை, மழைக்கால்சட்டை. ஏறும்போது வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் உடனே போடுங்கள்.

சேற்று மேட்டுக்குக் கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், அடியில் ஆழமான பள்ளங்களோடு. சுண்ணாம்புப் பள்ளத்தாக்குக்கு மென்மையான ரப்பர் அடி உள்ள ஷூ போதும். புது பூட்ஸை நேரே மலைக்குக் கொண்டுபோனால் குதிகாலில் கொப்புளம் நிச்சயம். ஒரு வாரம் தெருவில் போட்டு நடங்கள். குதிகால் சூடாக உரசுவதாகத் தெரிந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

சேற்றில் ஆழமான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

செடியைப் பாருங்கள். ஊதாப் பூ பூக்கும் ஹெதர் புதர் இருந்தால் தரை ஓரளவு உலர்ந்தது. வெண்பஞ்சு தலையாட்டும் புல் இருந்தால் ஈரம். கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைப் பாசி மெத்தை போலப் பரந்திருந்தால் அதன் அடியில் தண்ணீர்தான், காலை வைக்காதீர்கள். கல் பாவிய இடத்தில் கல்லின் மேலேயே நடங்கள். பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் பாவிய பலகைக்கற்களில் பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தரையிலிருந்து வந்தவை. சேறு படக்கூடாது என்று ஓரமாக நடக்க நடக்கப் பாதை அகன்றுகொண்டே போய், பீட் மண் கரைந்துபோகிறது. பூட்ஸைக் கழுவிக்கொள்ளலாம், கரைந்த மண் திரும்ப உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

வயலில் மாடுகள் நிற்கின்றன. போகலாமா?

கன்று இல்லையென்றால் அமைதியாக, ஓரமாக, ஓடாமல் நடங்கள். கன்று இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. சுற்றிப் போக இடமிருந்தால் சுற்றிப் போங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்குக் கோபம் நாயின் மேல்தான், நாய் ஓடித் தப்பிவிடும். திறந்த மேட்டுநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் வைத்திருப்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த விதி.

கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். கல் மதிலில் ஏறாதீர்கள். காரை இல்லாமல் நிற்கும் மதில், ஒரு கல் நகர்ந்தால் பத்துக் கல் சரியும். வெள்ளை பீக்கில் பழைய ஈயச் சுரங்கக் குழிகள் ஏராளம். வயல் நடுவே தனியாக வேலியிட்ட வட்டத்தைக் கண்டால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம்.

உண்ணி கடித்தால்?

பெரணியும் உயரப் புல்லும் உள்ள இடங்களில் வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரை உண்ணி இருக்கும். லைம் என்ற பாக்டீரியா நோய் அதன் மூலம் வரலாம். முழுக்கால்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் பாருங்கள். கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்லுங்கள்.

ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா? கூடாரம் போடலாமா?

தண்ணீர் தெளிவாகத்தான் ஓடும், மேலே ஆடு செத்துக் கிடக்கலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கொண்டுபோங்கள், வெயிலில் இரண்டு. குளிர்காலத்தில் ஃபிளாஸ்க்கில் சூடான டீ. நிலத்துக்காரர் அனுமதியின்றி மேட்டில் கூடாரம் போட இங்கே உரிமை இல்லை, பணம் கட்டித் தங்கும் கூடாரத் திடல்கள் எடேலிலும் காசில்டன் சுற்றிலும் உண்டு. நெருப்பு எந்த வடிவிலும் வேண்டாம். காய்ந்த பீட் மண்ணே எரிபொருள்தான், தரைக்கடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2018 ஜூனில் சாடில்வர்த் மேட்டில் தீப்பிடித்தபோது ராணுவத்தையே அழைக்க வேண்டியதாயிற்று.

விபத்து நடந்தால் யாரை அழைப்பது?

999 அழைத்து முதலில் 'போலீஸ்', பிறகு 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று கேளுங்கள். நேரடியாக ஆம்புலன்ஸ் கேட்டால் மலைமீட்புக் குழுவுக்குச் செய்தி போகத் தாமதமாகும். வரைபடத்தில் இருக்கும் இடத்தின் கட்ட எண், எத்தனை பேர், என்ன காயம், யார் நினைவோடு இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பேசச் சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். கைபேசியே இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி ஆறு. இருட்டில் விளக்கால் இதையே செய்யலாம். மூன்று விசில் பதிலாக வந்தாலும் நிறுத்தாதீர்கள், அந்த ஒலியை வைத்துத்தான் தேடி வருவார்கள்.

எந்த மாதம் நல்லது?

பகல் நீளம் என்பதால் சைக்கிளுக்கு மே, ஜூன். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மேடெல்லாம் ஊதாவாகும், அந்த நேரத்தில் ஸ்டானேஜ் விளிம்பில் நடந்தால் போதும். வார நாள் கிடைத்தால் அன்றே போங்கள், டவ்டேலும் மாம் டோரும் ஞாயிறுகளில் திருவிழாக் கூட்டம். பிப்ரவரியில் பனி உருகிய கிண்டர் சரிவில் கறுப்பு மண்ணின் மேல் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் அது மலைமுயல். குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் இந்த முயல் இங்கிலாந்தில் வாழ்வது பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநிலங்களில் மட்டும்தான். அசையாமல் நின்றால் அதுவும் நின்று உங்களைப் பார்க்கும்.